கொழும்பிற் பிறந்த விக்டோரியா சிலுவை வீரர்

போர்க்களத்திலே வென்றவனை உலகம் போற்றுவது இயல்பு. தோற்ற களத்திலே மாண்டவனைப் போற்றுவது அத்துணை எளிதன்று. எனினும் நம் முன்னோர் அவ்வாறு போற்றினர். பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையை மீட்கச் சென்று உயிர் துறந்தவனுக்குக் கல் எடுத்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் ஒழுங்கு பெற வகுத்துரைக்கின்றது. அக்கல்லில் அவனது பெயரும் அவன் செய்த செயலும் பொறிக்கப்பட்டன. போரின் முடிவு யார் பக்கம் சாய்ந்தது என்பதை நடுகல் முதன்மையாகக் கருதவில்லை. அவன் ஓடினானா, நின்றானா என்பதே அதற்கு வேண்டியிருந்தது.

இறந்தவனுக்குச் சிறப்புச் செய்யும் இவ்வழக்கத்தை மேலைநாட்டுப் பேரரசொன்று மிகத் தாமதித்தே ஏற்றுக்கொண்டது. அவ்வாறு ஏற்றதன் பயனாக, கொழும்பிற் பிறந்த ஒருவரின் பெயரும் வீரர் வரிசையில் இடம்பெற்றது. இரண்டாம் லெப்டினன்ட் பசில் ஆதர் ஹோர்ஸ்போல் என்பது அவர் பெயர். அவர் 1918ஆம் ஆண்டு மார்ச் 27ஆந் திகதி பிரான்சு நாட்டின் வடபகுதியில் மாண்டார். இன்று அவரை அறிந்தவர் இலங்கையிலும் சிலரே. இங்கிலாந்திலும் பலர் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அவர் செய்த செயலைச் சற்று நின்று ஆராய்வோர்க்கு வீரம் என்பதன் உட்பொருள் நன்கு புலனாகும்.

முதலில் அவர் பெற்ற விருதின் வரலாற்றைக் காண்போம். கிரிமியப் போர் நடைபெற்ற காலத்தில், பதவியும் குலமும் பாராது சாதாரணப் படைவீரனுக்கும் அதிகாரிக்கும் ஒரு தரத்ததாக அளிக்கத்தக்க விருதொன்று வேண்டுமென்ற எண்ணம் பிரித்தானியாவில் வலுப்பெற்றது. அதன் விளைவாக 1856ஆம் ஆண்டு ஜனவரி 29ஆந் திகதி விக்டோரியா மகாராணியார் பிறப்பித்த சாசனத்தினால் இவ்விருது நிறுவப்பட்டது. பொன்னோ வெள்ளியோ அன்று. பகைவரிடமிருந்து கைப்பற்றிய பீரங்கியின் வெண்கலத்தை உருக்கி வார்த்த சிறு சிலுவை அது. 'வீரத்திற்காக' என்னும் பொருள்பட ஒரு சிறு தொடர் அதிற் பொறிக்கப்பட்டிருக்கும். பொருளின் விலையால் மதிப்புப் பெறாது, பெறுவோன் செயலாலேயே மதிப்புப் பெற வேண்டுமென்பதே அதனை ஆக்கியோர் கருத்து.

ஆனால் அச்சாசனத்தில் ஒரு குறை இருந்தது. வீரச்செயல் புரிந்து அதிலேயே உயிர் நீத்தவனுக்கு விருது அளிப்பதுபற்றி அது ஒன்றும் கூறவில்லை. எனவே உயிரோடு திரும்பியவனுக்கே சிலுவை என்ற வழக்கம் நிலைத்தது. மாண்டவன் விடயத்தில், அவன் உயிருடன் இருந்திருப்பின் விருதுக்குச் சிபாரிசு செய்யப்பட்டிருப்பான் என்று வர்த்தமானியில் ஒரு குறிப்பு வெளிவரும். அத்துடன் காரியம் முடிந்துவிடும். 1879ஆம் ஆண்டு ஜனவரி மாதம் தென்னாபிரிக்காவில் இசந்தல்வானா என்னுமிடத்தில் சூலு மக்களின் படை பிரித்தானியப் படையை முறியடித்தபோது, தம் படைப்பிரிவின் கொடியைக் காக்க முயன்று மெல்வில், கோஹில் என்னும் இரு இளம் அதிகாரிகள் உயிரிழந்தனர். அவர்களுக்கும் இத்தகைய குறிப்பே கிடைத்தது.

உயிரைக் கொடுத்தவன் உயிரோடு மீண்டவனிலும் குறைந்தவனா என்ற கேள்வி நாளடைவில் எழுந்தது. போவர் யுத்தத்தின் பின்னர், 1902ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், இறந்துபட்ட அறுவருக்கு இவ்விருது வழங்கப்பட்டது. 1907ஆம் ஆண்டில் பழைய போர்களில் மாண்ட வேறு அறுவருக்கும் அது அளிக்கப்பட்டது. மெல்வில், கோஹில் இருவரும் அவர்களுள் அடங்குவர். இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்தே அவர்கள் குடும்பத்தாரின் கைக்குச் சிலுவை வந்தது. 1920ஆம் ஆண்டின் சாசனத்திலேயே இறந்தோர்க்கும் இவ்விருது உண்டென்பது விதியாக எழுதப்பட்டது. முதலாம் உலகப் போர் மூண்ட காலத்தில் விதி எழுதப்பட்டிருக்கவில்லை எனினும் வழக்கம் உறுதிப்பட்டிருந்தது. அந்த வழக்கத்தின் வழியாகவே ஹோர்ஸ்போலின் பெயர் வரலாற்றில் நிலைத்தது.

பசில் ஹோர்ஸ்போல் 1887ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆந் திகதி கொழும்பிலே பிறந்தார். அவர் குடும்பத்தார் ஆங்கிலேயர். அந்நாளில் கொழும்பு முகத்துவாரத்தில் அமைந்திருந்த புனித தோமையர் கல்லூரியிலும், பின்னர் இங்கிலாந்தில் மார்லோ என்னும் ஊரிலுள்ள போர்லேஸ் பாடசாலையிலும் அவர் கல்வி கற்றார். கற்று முடித்தபின் இலங்கைக்குத் திரும்பி இறப்பர்த் தோட்டத்தில் தொழில் புரிந்தார். அதன்பின் பொது வேலைத் திணைக்களத்தில் இரத்தினபுரியில் பணியாற்றினார். வீதிகளும் பாலங்களும் அமைக்கும் அத்திணைக்களத்திலே கணக்குகளோடு பழகிய உத்தியோகத்தர் ஒருவர், போர்க்களத்தில் பெயர் பெறுவார் என்று அன்று எவரும் எதிர்பார்த்திருக்க இடமில்லை. இலங்கைப் பொறியியற் படையிலே தொண்டராகச் சேர்ந்து பெற்ற பயிற்சியே அவருக்கிருந்த படை அனுபவம்.

1914ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஐரோப்பாவில் போர் மூண்டபோது இலங்கை பிரித்தானிய முடியாட்சியின் கீழிருந்த குடியேற்ற நாடு. இங்கு கட்டாயப் படைச்சேவை இருக்கவில்லை. எனினும் அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்திலேயே இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையிலிருந்து ஓர் அணி எகிப்துக்குக் கப்பலேறிற்று. தோட்டங்களிலும் வர்த்தக நிலையங்களிலும் அரசாங்க அலுவலகங்களிலும் இருந்த இளைஞர் பலர் பின்னர் ஒருவர் பின் ஒருவராக இங்கிலாந்து சென்று படையிற் சேர்ந்தனர். ஐரோப்பியர் மாத்திரமன்றி இந்நாட்டின் பிற சமூகத்தவரும் அவர்களுள் இருந்தனர். ஹோர்ஸ்போல் 1916ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்றார். அவ்வாண்டின் இறுதியில் கிழக்கு லங்காஷயர் படைப்பிரிவில் இரண்டாம் லெப்டினன்ட் பதவி பெற்றார். அதிகாரிகளுள் அதுவே கடைசிப் படி. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. பாடசாலையை விட்டு நேரே வந்த பதினெட்டு, பத்தொன்பது வயது இளைஞர்களோடு சமமாக நின்று அவர் அப்பதவியை ஏற்றார்.

அவர் பணியாற்றிய பதினோராம் பட்டாளத்தின் கதை துயரம் மிக்கது. லங்காஷயர் மாகாணத்தில் பஞ்சாலைகள் நிறைந்த அக்கிரிங்டன் என்னும் சிறு நகரமும் அதன் அயலூர்களும் 1914ஆம் ஆண்டு செப்டெம்பரிலே தாமே முன்வந்து திரட்டிய பட்டாளம் அது. ஒரே தெருவார், ஒரே ஆலைத் தொழிலாளர், ஒரே பள்ளித் தோழர் பக்கத்திற் பக்கத்தே நின்று போர் புரியலாம் என்ற வாக்குறுதியின்பேரில் இளைஞர் சேர்ந்தனர். அதனால் அதற்கு அக்கிரிங்டன் தோழர் படை என்ற பெயர் வழங்கிற்று. 1916ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி, சொம் நதிப் போரின் முதல் நாளில், செர் என்னும் கிராமத்தை நோக்கி அப்பட்டாளத்தினர் ஏறத்தாழ 700 பேர் முன்னேறினர். அரை மணி நேரத்திற்குள் 584 பேர் இறந்தோ காயமுற்றோ காணாமற் போயோ விட்டனர். ஒன்றாக வாழ்ந்தவர் ஒன்றாக இறந்தனர். அந்நகரத்திலே துக்கம் புகாத தெருவே இல்லை என்னும் நிலை ஏற்பட்டது. அதன் பின்னர் வேற்றூரார் பலரைக் கொண்டு பட்டாளம் நிரப்பப்பட்டது. இலங்கையிலிருந்து சென்ற ஹோர்ஸ்போல் அவ்வாறு வெறுமையான இடத்தை நிரப்ப வந்தவர்களுள் ஒருவர்.

இனி, 1918ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் நிலையை நோக்குவோம். ரூசியாவில் புரட்சி ஏற்பட்டு, மார்ச் 3ஆந் திகதி பிரெஸ்ற் லிற்றோவ்ஸ்க் உடன்படிக்கை கையெழுத்தானதும், ஜேர்மனிக்குக் கிழக்குப் போர்முனையின் பாரம் பெரிதும் நீங்கிற்று. அங்கிருந்த படைகளுட் பெரும்பகுதியை அது மேற்கே கொண்டு வந்தது. மறுபுறத்தில் அமெரிக்கப் படைகள் மாதந்தோறும் பிரான்சில் வந்திறங்கிக்கொண்டிருந்தன. அவை முழு வலிமையோடு களம் புகுமுன் போரை முடித்துவிட வேண்டுமென்பது ஜேர்மன் தளபதி லூடென்டோர்ப்பின் திட்டம். மார்ச் 21ஆந் திகதி விடியுமுன் 4.40 மணிக்கு 6,000க்கு மேற்பட்ட பீரங்கிகள் ஒருங்கே முழங்கின. ஐந்து மணி நேரத்திற் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட குண்டுகள் பொழியப்பட்டன. நச்சுவாயுவும் காலை மூடுபனியும் கலந்த இருளினூடே ஜேர்மன் காலாட்படை பாய்ந்தது. முதல் நாளிலேயே ஏறத்தாழ 21,000 பிரித்தானிய வீரர் சிறைப்பட்டனர். 24ஆந் திகதி பப்போம் நகரும், 26ஆந் திகதி அல்பேர்ட் நகரும் வீழ்ந்தன. அமியன்ஸ் நகரத்துப் புகையிரதச் சந்தி ஜேர்மனியர் கைப்பட்டால் பிரித்தானியப் படையும் பிரெஞ்சுப் படையும் பிளவுபட்டுவிடும் என்ற பேராபத்து எதிர்நின்றது. 26ஆந் திகதியே நேச நாட்டினர் டுல்லன் என்னும் ஊரிற் கூடி, இரு படைகளையும் இணைத்து நடத்தும் பொறுப்பைப் பிரெஞ்சுத் தளபதி போஷிடம் ஒப்படைத்தனர்.

தலைவர்கள் கூடி முடிவெடுப்பது ஒன்று. அம்முடிவு பயன் தருவதற்கு வேண்டிய காலத்தைத் தேடிக்கொடுப்பது வேறொன்று. அக்காலத்தைத் தேடிக்கொடுத்தவர்கள் பெயர் தெரியாத சிறு சிறு குழுவினரே. ஒரு மேட்டை ஒரு மணி நேரம், ஒரு தெரு முனையை அரை நாள் என்று அவர்கள் தாங்கி நின்றனர். இடம் பின்னர் பறிபோயிற்று. எனினும் அவர்கள் ஈட்டிய மணித்துளிகள் பறிபோகவில்லை. அவசர அவசரமாகக் களத்திற்குக் கொண்டுவரப்பட்ட முப்பத்தோராம் டிவிசன் ஆரஸ் நகருக்குத் தெற்கே நிறுத்தப்பட்டது. பதினோராம் பட்டாளமும் அதனுள் அடங்கியிருந்தது.

மார்ச் 27ஆந் திகதி மொயென்வில், அப்லென்செவில் என்னும் இரு கிராமங்களுக்கு இடைப்பட்ட நிலத்திலே, ஒரு கம்பனியின் நடுப் பிளட்டூனுக்கு ஹோர்ஸ்போல் தலைமை தாங்கினார். ஜேர்மனியரின் முதற் தாக்குதலிலேயே அவரது முன்வரிசையில் நின்ற மூன்று குழுக்களும் பின்னுக்குத் தள்ளப்பட்டன. அவருடைய தலையிற் காயம் பட்டது. கலைந்து நின்ற எஞ்சிய வீரரை உடனே ஒன்று சேர்த்து, எதிர்த்தாக்குதல் நடத்தி, இழந்த இடத்தை அவர் மீட்டார்.

அதன்பின்னரே அச்செய்தி வந்தது. கம்பனியின் ஏனைய மூன்று அதிகாரிகளுள் இருவர் மாண்டனர்; ஒருவர் காயமுற்றார். தலைக்காயம் கடுமையானது. மருத்துவ நிலையத்திற்குச் செல்ல அவருக்கு உரிமையும் இருந்தது, காரணமும் இருந்தது. அவ்வாறு சென்றிருப்பின் எவரும் குறை கூறியிரார். ஆனால் தாம் சென்றால் தம் வீரர்க்குத் தலைமை இல்லை என்பதை அவர் உணர்ந்தார். செல்ல மறுத்துவிட்டார். அந்நாளின் செயல்கள் அனைத்திலும் இதுவே தலையாயது எனத் துணிந்து கூறலாம். பகைவர் மீது பாயும்போது உடலிலே ஓடும் வேகம் ஒருவகை மயக்கத்தைத் தந்து அச்சத்தை மறைத்துவிடும். குருதி ஒழுக, ஓய்வு கிடைத்த வேளையில், பாதுகாப்பான இடத்துக்குப் போகும் வழி திறந்திருக்க, ஆற அமரச் சிந்தித்து நிற்பதற்கோ அந்த மயக்கம் துணை வராது.

பின்னர் பீரங்கிக் குண்டுகள் மிகக் கடுமையாகப் பொழிந்தன. வீரரை வீணே பலி கொடாதபடி அவர் தம் பிளட்டூனைச் சற்றுப் பின்னே எடுத்தார். குண்டுமாரி நின்றதும் தாமதியாது இரண்டாம் முறையாக எதிர்த்தாக்குதல் நடத்தி, அதே இடத்தை மீண்டும் கைப்பற்றினார். முன்னே பாய்வதற்குரிய துணிவும், பின்னே எடுப்பதற்குரிய மதியும் ஒருவரிடத்திலே ஒருங்கே இருந்தமையை இதிற் காண்கிறோம்.

இறுதியாகப் பின்வாங்கும்படி மேலிடத்துக் கட்டளை வந்தது. தம் வீரர் அனைவரையும் முன்னே அனுப்பிவிட்டு, அவரே கடைசியாக அவ்விடத்தை விட்டு அகன்றார். உடல் முற்றும் சோர்ந்திருந்த அந்நிலையிலும், வேண்டியிருந்தால் இன்னும் தாங்கி நின்றிருக்கலாம் என்று அவர் கூறியதாக விருது பற்றிய அறிவித்தல் தெரிவிக்கின்றது. அவ்வாறு கூறியவர் கட்டளையை மீறி அங்கேயே நிற்கவில்லை என்பதும் கருதத்தக்கது. சாவைத் தேடிச் செல்லுதல் அவர் நோக்கமன்று. நிற்கச் சொன்ன வரையில் நின்றார். விலகச் சொன்னபோது விலகினார். பின்வரிசை நிலைகளை நோக்கிச் செல்லும் வழியிலே அவர் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு முப்பது வயது.

1918ஆம் ஆண்டு மே 22ஆந் திகதி இலண்டன் வர்த்தமானியில் அவருக்கு விக்டோரியா சிலுவை அளிக்கப்பட்டமை அறிவிக்கப்பட்டது. முதலாம் உலகப் போரில் இவ்விருது 600க்கு மேற்பட்ட முறை வழங்கப்பட்டது. பகைவரின் இயந்திரத் துப்பாக்கி நிலையத்தைத் தனித்துக் கைப்பற்றியோர், குண்டு மழையினூடே காயமுற்றோரைச் சுமந்து வந்தோர் எனப் பலர் அதைப் பெற்றனர். ஹோர்ஸ்போலின் விருதுக்கு அத்தகைய வெளிப்படையான வெற்றி எதுவும் துணையில்லை. அவர் இருமுறை மீட்ட இடம் அன்றைய பொழுதுக்குள்ளேயே கைவிடப்பட்டது. பட்டாளம் பின்வாங்கிற்று. வெற்றியை அளவுகோலாகக் கொள்வோர், அவர் சாதித்தது யாது என்று கேட்கக்கூடும். அந்த ஜேர்மன் தாக்குதல் ஏப்ரில் 5ஆந் திகதியளவில் ஓய்ந்தது. அமியன்ஸ் நகர் விழவில்லை. நவம்பர் 11ஆந் திகதி போரும் முடிவுற்றது. ஒரு சிறு மேட்டிலே சில மணி நேரம் தாங்கி நின்ற ஆயிரமாயிரம் பேரின் உழைப்பின் கூட்டுத்தொகையே அது என்பதே அக்கேள்விக்கு மறுமொழி.

இறந்தோர்க்கு அளிக்கும் விருது இறந்தோர்க்குப் பயன்படுவதன்று. அதை மார்பில் அணிந்து மகிழ அவர்கள் இல்லை. உறவினர் கையில் அதை ஒப்படைக்கும்போது, அதைக் கொண்டு இழந்த மகனையோ உடன்பிறந்தானையோ ஈடு செய்துவிட இயலாது. அது ஒரு சான்றே. உடனிருந்து கண்டவர் சொல்ல, மேலதிகாரிகள் ஆராய்ந்து ஒப்ப, அரசு எழுதி வைத்த சாட்சியம். கண்டவர் எவரும் பிழைத்திராவிடின் அச்சாட்சியமும் இல்லை. அவ்வாறு சாட்சியின்றி மறைந்த வீரம் அக்களத்திலே எவ்வளவு இருந்திருக்கும்! ஒருவருக்கு விருது கிடைத்த இடத்தில், விருது கிடையாத பலரும் உடன் நின்றனர் என்பதை மறத்தல் கூடாது. இரண்டு முறை முன்னேறிய அந்தப் பிளட்டூனின் சாதாரண வீரர்கள் இன்றி ஹோர்ஸ்போலின் கதை இல்லை.

அவருடைய உடல் இன்ன இடத்திற் புதைக்கப்பட்டதென்று தெரியவில்லை. ஆரஸ் நகரிலே, கல்லறை அறியப்படாத ஏறத்தாழ 35,000 வீரரின் பெயர் பொறித்த பெரும் நினைவாலயம் 1932ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்டது. அச்சுவரிலே அவர் பெயரும் இடம்பெற்றுள்ளது. உடலைக் காணாது பெயரை மாத்திரம் தொட்டு அழும் குடும்பத்தின் துயர் எத்தன்மைத்து என்பதை இலங்கை மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்நினைவாலயத்தை அமைத்த கட்டடக் கலைஞர் சேர் எட்வின் லூட்டின்ஸ். கொழும்பிலே முதலில் காலிமுகத்தில் எழுப்பப்பட்டு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அன்றைய விக்டோரியாப் பூங்காவுக்கு மாற்றப்பட்ட போர் நினைவுத்தூணும் அவர் வரைந்த அமைப்பே. அப்பூங்கா இன்று விகாரமகாதேவிப் பூங்கா எனப்படுகின்றது. பிறந்த நகரிலும் இறந்த நாட்டிலும் ஒரே கலைஞர் கைவண்ணத்திலே நினைவுச் சின்னங்கள் நிற்பது கருதத்தக்க ஒற்றுமை.

எனினும் நினைவு கூர்தல் எக்காலத்திலும் தகராறின்றி நிகழ்வதன்று. போர் முடிந்த நவம்பர் 11ஆந் திகதியை ஒட்டி, இறந்தோரின் நினைவாகச் செம்மலர் விற்கும் வழக்கம் இலங்கையிலும் இருந்தது. அதனாற் சேரும் பணத்திற் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குச் செல்ல, இந்நாட்டிலிருந்து போருக்குச் சென்று மீண்டவர் கவனிப்பாரற்று இருந்தனர். அதைக் கண்டு மனம் புழுங்கிய இந்நாட்டு முன்னாட் படைவீரர், 1931ஆம் ஆண்டில், சிங்களத்தில் சூரியமல் எனப்படும் பூவரசம் பூவை விற்கத் தொடங்கினர். ஈராண்டுகளில் அது ஆதிக்க எதிர்ப்பு இயக்கமாக வளர்ந்தது. யாருடைய இறந்தோரை நினைப்பது, யாருடைய உயிருள்ளோரைக் காப்பது என்ற கேள்வியை அந்தப் பூ எழுப்பிற்று. நியாயமான கேள்வியே அது.

அக்கேள்வியை மனத்திற்கொண்டே ஹோர்ஸ்போலையும் நினைத்தல் வேண்டும். அவர் ஆண்ட இனத்தவர்; பேரரசுகள் தம்முள் மோதிய போரிலே மாண்டவர். அவர் எதிர்த்து நின்ற ஜேர்மன் இளைஞரும் தாய்மார் வளர்த்த பிள்ளைகளே. இவற்றையெல்லாம் அறிந்த பின்னும் அவர் செயலின் சிறப்புக் குறைந்துவிடுவதில்லை. போரைப் புகழாமலே போரில் ஒருவன் காட்டிய நெஞ்சுரத்தை மதிக்க முடியும். நடுகல்லின் முன் நின்ற நம் முன்னோர் கொலைத் தொழிலை வணங்கவில்லை. தன்னை நம்பியவரைக் கைவிடாத நிலையையே வணங்கினர். முகத்துவாரத்துப் பள்ளியிற் பாடங் கேட்டு, இரத்தினபுரியிற் கணக்கெழுதி, பெயர் அறியாத ஒரு பிரெஞ்சு வயலிலே தம் வீரர் எல்லாரும் அகன்றபின் கடைசியாகக் காலெடுத்து வைத்த அம்மனிதரிடத்தும் விளங்குவது அந்நிலையே.